வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும், அக்கா

சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் ஏறி, மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க அவளோடு என்னிடம் வந்தீர்கள். பையில் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் சான்றிதழ், தனியார் மருத்துவக் கல்லூரியின் கட்டண அட்டவணை, அதற்கடியில் அடகு வைக்க வீட்டுப் பத்திரம். "ரப்பர் மரம் சீவின குடும்பத்துல ஒரு டாக்டர் வரணும்னு எங்கண்ணன் ஒத்தக் கால்ல நிக்கிறாரு" என்றீர்கள்.

ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். கட்டணத்தைக் கூட்டிப் பார்த்ததும் விட்டுவிட்டேன். மூன்று லட்சம் ரிங்கிட்டுக்கு மேல்! அதற்குப் பிறகும் நிரந்தர வேலை நிச்சயமில்லை. 2016 கடைசியிலிருந்து அரசாங்கம் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கியது. 2021 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். மாதத் தவணையை அண்ணன் கட்டுவாரா? வாய்விட்டுக் கேளுங்கள்.

நாம் பேசும்போது உங்கள் மகளின் ரசாயன நோட்டைப் புரட்டினேன். டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனை; அதை மூன்று தடவை செய்தால் போதும். ஓர் அளவு ஒட்டவில்லை என்று அவள் ஏழு தடவை செய்திருக்கிறாள். ஆசிரியர் சிவப்பு மையில் 'போதும்' என்று எழுதிய பிறகும் கீழே எட்டாவது.

சட்டம், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி எல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: நானோ துகள்களை அளக்கும் வேலை. ஒரு மீட்டரை நூறு கோடியாக வகுத்தால் ஒரு நானோமீட்டர். சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடு, நாற்றமடிக்காத காலுறையில் வெள்ளி உலோகம் என்று 100 நானோமீட்டருக்குட்பட்ட துகள்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. இவற்றில் நஞ்சு உண்டா என்று செல்களில் போட்டுப் பார்ப்பதற்கு முன், போடுவது என்ன என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். டப்பாவில் 20 நானோமீட்டர் என்றிருக்கும். செல் வளரும் திரவத்தில் உப்பும் புரதமும் இருப்பதால், துகள்கள் புரதத்தைப் போர்த்திக்கொண்டு கட்டிகட்டியாகும். செல்மேல் விழுவது வேறு சரக்கு.

உங்கள் அம்மா ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்தார்களே, அதே சங்கதிதான். ரப்பர் துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். ஆசிட் விழுந்ததும் தள்ளுவிசை போய்விடும். அந்த விசையைக் காட்டும் அளவுக்கு ஸீட்டா பொட்டென்ஷியல் என்று பெயர். நேர், எதிர் எந்தப் பக்கமானாலும் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் பொதுவாகத் துகள்கள் பிரிந்தே நிற்கும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி காய்ந்த துகளின் வடிவத்தைக் காட்டும். திரவத்தில் மிதக்கும்போது அளக்க, லேசர் ஒளியை அடித்து அது சிதறுவதைப் பார்ப்பார்கள். அதில்தான் பொறி: பத்து மடங்கு பெரிய கட்டி ஒன்று, பத்து லட்சம் சிறு துகள்கள் சிதறும் ஒளியைத் தானே சிதறும். நாலைந்து கட்டி போதும், கணக்கே பொய்யாகிவிடும். பாக்டீரியாவின் மிச்சம் ஒட்டியிருந்தாலோ, அது செய்த கேட்டுக்குப் பழி துகள்மேல் விழும். அதைப் பிடிக்கும் சோதனை, நம் பெலாங்காஸின் இனமான குதிரைலாட நண்டின் ரத்தத்தில் பிறந்தது! எட்டாவது தடவை அளக்கிற பிள்ளைக்கு இங்கே இடமுண்டு.

வழி: ஆறாம் படிவம், அதன் முடிவில் எஸ்டிபிஎம் தேர்வு, பிறகு யுபியு என்ற பொது விண்ணப்ப முறை மூலம் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் வேதியியல். மலாயா, கெபாங்சான், புத்ரா மூன்றிலும் நானோ ஆய்வு நடக்கிறது. பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் போதும், வீடு தப்பும். ஒன்றை மறைக்க மாட்டேன்: இந்த வேலைகள் கொஞ்சம்தான், முதுகலை வரை போக வேண்டும். கிடைக்காவிட்டாலும் கையுறை, பெயிண்ட், மருந்துத் தொழிற்சாலைகளில் இதே கருவிகள் உண்டு.

அண்ணன் கோபப்பட்டால் என் நம்பரைக் கொடுங்கள். அந்த எட்டாவது அளவு ஒட்டியதா என்று மகளிடம் கேட்க மறந்துவிட்டேன். கேட்டுச் சொல்லுங்கள்.