ஒரு பக்கமாகவே மெல்கிறேன், தாடையில் ‘டக் டக்’ சத்தம்!

கேள்வி: எனக்கு வயது 43. பத்து வருடங்களுக்கு முன் வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். வேறு பல் கட்டவில்லை. அன்றிலிருந்து இடப்பக்கம்தான் மெல்கிறேன். சில மாதங்களாக வலது காதுக்கு முன்னால் ‘டக் டக்’ என்று சத்தம். காலையில் தாடை இறுகி வலிக்கிறது. முறுக்கு, சப்பாத்தியெல்லாம் விட்டாயிற்று. பல் வரிசை சரியில்லை, கிளிப் போட்டால்தான் வலி போகும் என்கிறார் ஒரு டாக்டர். பல்லைக் கொஞ்சம் ராவினால் போதும் என்கிறார் இன்னொருவர். என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்குக் கிளிப்பும் வேண்டாம், ராவவும் வேண்டாம். ராவிய எனாமல் திரும்ப வளராது. கோணல் வரிசையால்தான் தாடை மூட்டு வலி வருகிறது என்று ஒரு காலத்தில் பல் மருத்துவர்களே நம்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு பலவீனமாகவே தெரிந்தது. வரிசை தாறுமாறாக இருந்தும் வலியே இல்லாதவர்கள் எத்தனையோ பேர்.

உங்களுக்கு இருப்பவை இரண்டு பிரச்சினைகள். முதலாவது, மெல்ல முடியாதது. பிடுங்கிய இடம் காலியாகக் கிடந்தால் பின்பல் அந்தப் பக்கம் சாயும். எதிரே இருக்கும் மேல்பல், முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாததால் கீழே இறங்கும். கண்ணாடியில் பார்த்தாலே சில சமயம் தெரியும். மேலும் கீழும் பொருந்தாமல் போனால் உணவை அரைக்கும் பரப்பு குறைகிறது. நெடுநேரம் மெல்ல வேண்டியிருக்கும், இல்லையென்றால் பெரிய துண்டாகவே விழுங்குவோம்.

இரண்டாவது, மூட்டு. காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், எலும்பு உருள்வது தெரியும். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல ஒரு தட்டு உண்டு. அது முன்னால் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது எலும்பு அதன்மேல் ஏறும். அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்பது. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை. இடப்பக்கம் மென்றால் வலது மூட்டுக்கு ஓய்வு என்று நினைப்போம். உண்மையில் மெல்லாத பக்கத்து மூட்டில்தான் சுமை அதிகம்.

காலையில் வரும் இறுக்கத்துக்கு, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது காரணமாக இருக்கலாம். வீட்டில் கேட்டுப் பாருங்கள். பகலிலும் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கணக்குப் பார்க்கும்போதோ கோபத்திலோ பல்லை இறுக்கியிருப்பது தெரிந்தால், உதட்டை மூடியபடி பற்களை மட்டும் விலக்கிவிடுங்கள்.

இரண்டு மூன்று வாரம் இட்லி, குழைந்த சாதம், வேகவைத்த காய் என்று சாப்பிடுங்கள். கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம், தினம் இரண்டு வேளை. கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்குங்கள். பாக்கு, சூயிங்கம் வேண்டாம். அதற்கும் குறையாவிட்டால் இரவில் மாட்டும் தகடு, அதாவது நைட் கார்டு, அளவெடுத்துச் செய்து தருவார்கள். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். அதனால்தான் ராவுவதற்கு முன் இதைச் சொல்கிறேன்.

வலி தணிந்த பிறகு அந்தப் பல்லைக் கட்டாயம் கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் பிரிட்ஜோ, தாடை எலும்பில் திருகு பதித்துப் பொருத்தும் இம்ப்ளான்டோ. சாய்ந்த பல்லை முதலில் நிமிர்த்தக் கிளிப் தேவைப்படலாம். அப்போது போட்டுக்கொள்ளுங்கள், அது மெல்லுவதற்காக. பல் கட்டியதும் சிறு துண்டுகளாக எடுத்து இரண்டு பக்கமும் மெல்லப் பழகுங்கள். பத்து வருடப் பழக்கம், உடனே மாறாது.

இன்னொன்று. நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டாலோ, சத்தம் திடீரென நின்று வாய் பாதிதான் திறந்தாலோ, தட்டு பூட்டிக்கொண்டிருக்கலாம். வாரக்கணக்கில் காத்திருக்காமல் முக, தாடை அறுவை நிபுணரைப் பாருங்கள். பாக்கு போடும் பழக்கம் இருந்து, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாக்கினால் கன்னத்தின் உட்தோல் இறுகியும் வாய் திறக்காமல் போகும், அதற்கு வைத்தியம் வேறு.