டேட்டா சென்டர் எடுக்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கொழும்பில் டேட்டா சென்டர் வேலையில் சில வருடம் இருந்துவிட்டு மட்டக்களப்புக்கே திரும்பி வந்தவன் நான். டேட்டா சென்டர் என்றால் பலருடைய சேர்வர்களை, அதாவது கணக்கும் தரவும் இருக்கும் கணினிகளை, வாடகைக்கு வைத்து ஓட்டும் கட்டடம். ஊர்க்காரர்கள் கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்முனை, பார்மசி: மூன்று கிளை அண்ணா. சேர்வர் கடை ஸ்டோர் ரூமில். டேட்டா சென்டருக்கு மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றுங்கள் தம்பி. கல்லடியில் கடலுக்குக் கிட்ட ஒரு கடைச் சேர்வரைத் திறந்தேன். விசிறி இறக்கையில் உப்பும் தூசும் களிபோல ஒட்டியிருந்தது. ஆனால் ஒன்று: இன்டர்நெட் லைன் போனாலும் கடையில் பில் அடிக்க வேண்டும். அதற்கு மென்பொருள் இடம் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு கம்பனி லைன் எடுத்தாலும் இரண்டும் ஒரே தூணில் வந்தால் அது ஒரு லைன்தான்.

டேட்டா சென்டரை நேரில் போய்ப் பாருங்கள். ஏசியையும் கண்ணாடிக் கதவையும் காட்டுவார்கள். நீங்கள் ஜெனரேட்டரின் டீசல் தாங்கியைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஓடும், முடிந்தால் யார் கொண்டுவருவார், எழுத்தில் இருக்கிறதா? 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேக்கப், அதாவது தரவின் மறுபிரதி, மட்டும் வேறு ஊரில் இருக்கட்டும்.

காத்தான்குடி, புடவைக் கடை: ரியர் 3 போதுமா, 4 வேண்டுமா?

ரியர் (Tier) என்பது டேட்டா சென்டர் எவ்வளவு தடங்கலில்லாமல் ஓடும் என்பதற்கான தரம். உங்களுக்கு 3 தாராளம். திருத்த வேலைக்கு ஒரு மின்பாதையை நிறுத்தினாலும் சேர்வர் நிற்காது என்பதுதான் அதன் பொருள். 4 என்றால் எதிர்பாராத பழுதையும் தாங்கும், காசும் அப்படித்தான். அந்தத் தரத்தைக் கொடுக்கும் அப்டைம் இன்ஸ்டிட்யூட்டின் சான்றிதழைக் கேளுங்கள். வரைபடத்துக்குக் கொடுப்பது வேறு, கட்டி முடித்த கட்டடத்துக்குக் கொடுப்பது வேறு.

சம்மாந்துறை, அரிசி ஆலை: மாதம் எவ்வளவு வரும்?

கம்பனிகளிடம் கேளுங்கள். வாடகைக்குள் மின்சாரம் அடங்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அக்கரைப்பற்று, ரியூஷன் நிலையம்: சிங்கப்பூர் டேட்டா சென்டர் மலிவாம். போகலாமா?

வேகத்தில் உங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பிள்ளைகளின் விவரம் வெளிநாடு போகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

வாழைச்சேனை: ரியர் 4 நல்லதா?

காத்தான்குடிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

ஏறாவூர், ஹார்ட்வெயார்: பேக்கப் வேறு ஊரில் என்கிறீர்கள். அதே வளவில் அடுத்த கட்டடத்தில் வைத்தால் என்ன?

2021 மார்ச் 10, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க். ஓவிஎச் என்ற டேட்டா சென்டர் கம்பனியின் ஒரு கட்டடம் முழுதாக எரிந்தது, பக்கத்துக் கட்டடத்திலும் சேதம். பேக்கப்பையும் அதே வளவில் வைத்திருந்த சிலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஏறாவூர்: அது பிரான்ஸ். இங்கே எங்கே தீ?

தீ வேண்டாம். 1978 சூறாவளியை உங்கள் வாப்பாவிடம் கேளுங்கள். 2004 உங்களுக்கே தெரியும்.

திருக்கோவில்: அண்ணா சொல்வது சரி. சுனாமியில் எங்கள் கடைக் கணக்குக் கொப்பி முழுக்கப் போனது.

ஏறாவூர்: சும்மா பயம் காட்டாதீங்க. நான் தினமும் ஹார்ட் டிஸ்க்கில் எடுக்கிறேன்.

நல்லது. அது இப்போது எங்கே இருக்கிறது?

ஏறாவூர்: சேர்வருக்கு மேலே.

இன்று கடை பூட்டும்போது வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த ஆள்?

செங்கலடி: அண்ணா, ரியர் 4...