ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைக் கண்ணாடிக் குப்பியில் வைக்கலாமா?

சிங்கப்பூர் ஆய்வகமொன்றில் புதிதாகச் சேர்ந்துள்ள நீங்கள், 48 விழுக்காட்டு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை மற்ற அமிலங்களைப் போலக் கண்ணாடிக் குப்பியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. கண்ணாடியிலுள்ள சிலிக்காவையே அது கரைத்துவிடும் என்பதால், இறுக மூடிய பாலிஎதிலீன் குப்பியில், கசிவைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டின்மேல், காரங்களுக்கும் உலோகங்களுக்கும் எட்டாமல், கண் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் கப்போர்டுக்கு வெளியே திறக்காதீர்கள். மெல்லிய நைட்ரைல் கையுறை மட்டும் போதாது, அதன்மேல் தடித்த நியோப்ரீன் கையுறையும் முகக்கவசமும் வேண்டும்.

எனக்கு மிகுந்த அச்சம் தருவது வேறொன்று: நீர்த்த கரைசல் பட்டால் வலி பல மணி நேரம் கழித்தே தெரியலாம், அதற்குள் ஃபுளோரைடு உள்ளே இறங்கி, இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிணைத்து, இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். ஆகவே பட்டவுடன் ஆடையைக் களைந்து, ஓடும் நீரில் நன்கு கழுவி, ஃபுளோரைடைப் பிணைக்கும் 2.5 விழுக்காட்டுக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைக் கையுறை அணிந்து தொடர்ந்து தேய்க்க வேண்டும். அதே வேளையில் உடனிருப்பவர் அவசர மருத்துவ ஊர்திக்கான 995ஐ அழைக்கட்டும். காலாவதியாகாத ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லையென்றால், அன்று குப்பியைத் திறக்கவே வேண்டாம்.