மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இரண்டு ஊர் போட்டி: எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி: எங்களுடையது தாலுகா தலைநகரம். அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு பிரசவ வலியோடு போனால், "பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மாவட்டத் தலைநகர் மருத்துவமனை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்துவிட்டதால், வேறொரு ஊர் மருத்துவமனையை மாவட்டத் தலைமை மருத்துவமனையாகத் தரம் உயர்த்தப் போகிறார்களாம். பக்கத்து ஊரும் கேட்கிறது, நாங்களும் கேட்கிறோம். கடையடைப்பு வரை பேச்சு போய்விட்டது. இதற்கிடையில் பைபாஸ் ஓரம் தனியார் ஒருவர் 100 படுக்கையோடு கட்டப் போகிறார். தரத்தை எதை வைத்து எடைபோடுவது? யாரிடம் என்ன கேட்பது? (வணிகர் சங்க நிர்வாகி ஒருவர்)

பதில்: கடையடைப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். எதற்காக அடைக்கிறோம் என்பது தெளிவாகட்டும்.

நீங்கள் கேள்விப்பட்ட நடைமுறை உண்மைதான். மாவட்டத் தலைநகர் மருத்துவமனை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக மாறினால், அது மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கைக்குப் போய்விடும். மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகம், தன் பொறுப்பில் மிச்சமிருக்கும் தாலுகா மருத்துவமனை ஒன்றைத் தலைமை மருத்துவமனையாக உயர்த்தும். கும்பகோணம், உசிலம்பட்டி, கோவில்பட்டி, மணப்பாறை எல்லாம் இப்படித் தலைமை மருத்துவமனை ஆனவைதான். ஆனால் பலகை மாறுவதும் சிகிச்சை மாறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. கட்டடத்துக்கு ஒரு வழியில் பணம் வரும். டாக்டர், நர்ஸ் பணியிடங்களுக்குத் தனியாக நிதித்துறை ஒப்புதல் வேண்டும். பிறகு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமோ இடமாறுதல் கலந்தாய்வோ அந்த இடங்களை நிரப்ப வேண்டும். முதலாவது சீக்கிரம் நடக்கும். ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். இரண்டாவதுக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது.

உங்கள் ஊர்ப் பிரசவப் பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம். ராத்திரி 2 மணிக்கு சிசேரியன் செய்ய மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், குழந்தை மருத்துவர், தேவையான ரத்தம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இதைத்தான் சீமாங் மையம் என்கிறார்கள். பெரும்பாலும் தட்டுப்பாடு மயக்க மருந்து மருத்துவருக்குத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் பார்த்தால் மூன்று பேர் போதாது, நான்கு பேர் வேண்டும். லீவு, பயிற்சி என்று போனால் நான்கு பேரும் இழுபறிதான். உங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார் என்றால், பகலில் இருக்கிறார் என்று அர்த்தம். ஆறு மாடிக் கட்டடம் வந்தாலும் அவர் ஒருவரே இருக்கும் வரை அந்தச் சீட்டு எழுதுவது நிற்காது. சீட்டு எழுதும் டாக்டர் மீது கோபப்பட்டும் பயனில்லை. மயக்க மருந்துக்கு ஆளில்லாமல் கத்தியை எடுக்க அவரால் முடியாது.

ரத்தத்துக்கு முழு ரத்த வங்கியே வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். பெரிய மருத்துவமனையின் வங்கியோடு இணைந்த ரத்த சேமிப்பு மையம் இருந்தால் போதும். அது சின்ன வேலை, கேட்டால் கிடைக்கக்கூடியது.

அடுத்து, தரத்தை எப்படி அறிவது? நிறையப் பேர் சாவுக் கணக்கைப் பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். சிக்கலான கேஸ் எல்லாவற்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பும் மருத்துவமனையில் சாவே இருக்காது. அவற்றையெல்லாம் வாங்கிக்கொள்ளும் மருத்துவக் கல்லூரியில் எண்ணிக்கை கூடத்தான் இருக்கும். அதைவிட, மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்களின் பதிவேடு உண்மை பேசும். மாதம் எத்தனை பேரை அனுப்பினார்கள், எந்த நேரத்தில், என்ன காரணம் எழுதி? நெஞ்சு வலி, தலைக்காயம் என்றால் ஓரளவு நியாயம். சாதாரண சிசேரியனும் எலும்பு முறிவும் ராத்திரியில் மட்டும் போகிறது என்றால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். விபத்துக் கேஸோடு உங்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நேரே போகிறார்கள் என்றால், காரணம் அவர்களுக்கு அத்துப்படி.

சான்றிதழ்களும் ஓரளவு உதவும். அரசு மருத்துவமனைகளுக்கு என்.கியூ.ஏ.எஸ். என்ற தேசியத் தரச் சான்று உண்டு. வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்கள் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 70 சதவீதமாவது வாங்க வேண்டும், மூன்று வருஷம் செல்லும். பிரசவ அறைக்கும் மகப்பேறு ஆபரேஷன் தியேட்டருக்கும் தனியாக லக்ஷ்யா சான்று இருக்கிறது. காயகல்ப் விருது முக்கியமாகச் சுத்தத்தையும் தொற்றுத் தடுப்பையும் பார்ப்பது. அதை வைத்து சிகிச்சையே நன்றாக இருக்கும் என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் மருத்துவமனை இவற்றில் எதற்காவது விண்ணப்பித்ததா, எந்தப் பிரிவில் மதிப்பெண் குறைந்தது என்று கேளுங்கள்.

இப்போது ஊர்ச் சண்டைக்கு வருவோம். எய்ம்ஸ் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் தேதிகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். 2015 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்றார்கள். செங்கல்பட்டு, புதுக்கோட்டை, தஞ்சை செங்கிப்பட்டி, பெருந்துறை, மதுரை தோப்பூர் என ஐந்து இடங்கள் போட்டியில் இருந்தன. தோப்பூர் என்று முடிவாக 2018 ஜூன் ஆனது. 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகு ஜப்பானின் ஜைக்கா கடனுக்காகக் காத்திருப்பு. 2021 தேர்தலில் ஒற்றைச் செங்கல் பிரசாரப் பொருளானது. முதல் 50 மாணவர்கள் 2022-ல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள். கட்டட வேலை 2024-ல்தான் சூடுபிடித்தது. அதே 2015 பட்ஜெட்டில் எய்ம்ஸ் கிடைத்த இமாச்சலத்தில் பிலாஸ்பூர் மருத்துவமனை 2022 அக்டோபரில் திறந்துவிட்டது. சென்னை கிண்டியில் மாநில அரசு 2022 மார்ச்சில் அடிக்கல் போட்ட 1,000 படுக்கை மருத்துவமனை 2023 ஜூனில் இயங்கத் தொடங்கியது. இடத் தகராறு மட்டுமே தாமதத்துக்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். பணத்துக்கு வழி சொல்லாத அறிவிப்புக்காக ஊர்கள் மோதிக்கொண்டன என்பதுதான் என் வருத்தம்.

அதனால் பக்கத்து ஊர்க்காரர்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். சிரிக்காதீர்கள், இதில் உங்களுக்கு லாபம் இருக்கிறது. போட்டி முற்றினால் இரண்டு ஊரையும் சமாதானப்படுத்த அங்கே பாதி, இங்கே பாதி என்று பிரித்துக் கொடுப்பது அரசியலுக்கு வசதி. நோயாளிக்கு அது உதவாது. ஒரே இடத்தில் நான்கு மயக்க மருந்து மருத்துவர்கள் இருந்தால் 24 மணி நேரமும் தியேட்டர் ஓடும். இங்கே இரண்டு, அங்கே இரண்டு என்றால் இரண்டு ஊரிலும் ராத்திரி விளக்கு அணைந்திருக்கும். தலைமை மருத்துவமனை எந்த ஊருக்குப் போனாலும் மற்ற ஊருக்கு விபத்துச் சிகிச்சையோ டயாலிசிஸோ முழுதாக ஒன்று வேண்டும் என்று கூட்டாகக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

புதிய இடம் எங்கே என்பதையும் விசாரியுங்கள். நிலம் கிடைக்கிறது என்று ஊருக்கு வெளியே கொண்டுபோவது வழக்கம். நாகப்பட்டினத்தில் மருத்துவக் கல்லூரி ஒரத்தூரில் வந்தபோது, ஊருக்குள் இருந்த மருத்துவமனையை அங்கே மாற்றக் கூடாது என்று மக்கள் போராட வேண்டியிருந்தது. பழைய கட்டடத்தில் எது தொடரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

தனியார் விஷயம். யார் வேண்டுமானாலும் மருத்துவமனை கட்டலாம். அந்த ஊருக்கு அது தேவையா என்று நிரூபிக்கச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் தெரியும். "என்.ஏ.பி.ஹெச்." என்ற மருத்துவமனைத் தரச் சான்றைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் முழு அங்கீகாரமா, நுழைவு நிலைச் சான்றா என்று பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தாலும் எந்தெந்தப் பிரிவுக்கு என்று கேட்க வேண்டும். விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவசமாகப் பார்க்கும் "நம்மைக் காக்கும் 48" பட்டியலில் அது வருமா என்பதும் பைபாஸ் ஓர மருத்துவமனைக்கு முக்கியம்.

இனி வேலை. இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். துறைவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, சம்பளம் இங்கே வாங்கி மாற்றுப்பணியில் வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர், கடந்த ஓராண்டில் இரவு 8 முதல் காலை 8 வரை நடந்த சிசேரியன் எத்தனை, மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்கள் எத்தனை என்று கேளுங்கள். மாற்றுப்பணிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஏட்டில் ஆள் இருக்கும், வார்டில் இருக்கமாட்டார். அந்த ஒரு வரியில் பிடிபடும்.

பதில் வந்ததும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் ஒரு நகல், எம்.எல்.ஏ.விடம் ஒரு நகல். சட்டசபையில் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை வருவதற்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். அறிவிப்புகள் அப்போதுதான் தயாராகும். தரம் உயர்த்திய அரசாணை வந்தால், அதில் புதிய பணியிடங்கள் தோற்றுவிக்கப்படுகின்றன என்ற பத்தியைத் தேடுங்கள். அது இல்லை என்றால், அப்போது கடையடைப்பு பற்றிப் பேசலாம்.