நெஞ்சுப் பையில் ஒரு கைப்பேசி: மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் 15 அன்று துப்பாக்கியுடன் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. 30 வரை நீடிக்கும். வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் பல ஆண்டுகளாகத் தன்னார்வப் பயிற்றுநராக இருக்கிறேன். முன்பெல்லாம் வகுப்பில் நான் ஒருவன்தான் தமிழன். இப்போது ஆண்டுக்கு நான்கைந்து தமிழ் முகங்களைப் பார்க்கிறேன். பெரும்பாலோர் அலுவலக நண்பர் அழைத்ததால் முதல் முறையாகக் காட்டுக்குப் போகிறவர்கள். ஆபத்து வந்தால் கைப்பேசி எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது குறித்துக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (ஆன் ஆர்பர்): அண்ணா, நாங்கள் போகிற இடம் மிச்சிகனின் வடக்கே காடு நிறைந்த அப்பர் பெனின்சுலா. அங்கே சிக்னல் ஒரு கோடுகூட வராது என்கிறார்கள். பிறகு எதற்குக் கைப்பேசியைச் சுமக்க வேண்டும்?

எடுத்துப் போங்கள் தம்பி. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லை என்பதும் எந்தச் சிக்னலும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் அவசர உதவி எண்ணான 911க்குச் செய்யும் அழைப்பை, அருகில் எந்த நிறுவனத்தின் கோபுரம் இருந்தாலும் அது ஏற்றாக வேண்டும். ஐபோனின் மேல் மூலையில் கோடுகளுக்குப் பதிலாக எஸ்ஓஎஸ் என்ற எழுத்துகள் தெரிந்தால், சாதாரண அழைப்பு போகாது, 911 போகும் என்று பொருள்.

குரல் அழைப்பு அறுந்து அறுந்து போகும் இடத்தில் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடுவது உண்டு. அதற்குச் சில நொடி சிக்னல் போதும். பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) 911க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், எல்லா இடங்களிலும் அல்ல. வசதி இல்லாத இடமாக இருந்தால், இங்கே குறுஞ்செய்தி எடுபடாது என்று பதில் வந்துவிடும். முதல் செய்தியிலேயே என்ன நேர்ந்தது, எங்கே இருக்கிறீர்கள் என்ற இரண்டையும் எழுதிவிடுங்கள். இரண்டாவது செய்தி போகும் என்ற உறுதி இல்லை.

இன்னொன்று. ஜிபிஎஸ்ஸுக்குக் கோபுரம் தேவையில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அந்தப் பகுதியின் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் அறவே இல்லாத காட்டிலும் நீங்கள் நிற்கும் இடம் திரையில் தெரியும். வண்டியை நிறுத்திய இடத்தைக் குறித்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். காட்டில் வழி தவறுகிறவர்களில் பலர் இருட்டிய பிறகு, சுட்ட மானின் இரத்தத் தடத்தைத் தொடர்ந்து போய்த்தான் திசையை இழக்கிறார்கள். அப்போது கண் தரையிலேயே இருக்கும். எத்தனை முறை திரும்பினோம் என்பது நினைவில் நிற்காது.

கேள்வி (டிராய்): கைப்பேசியை முதுகுப் பையில் வைப்பதா, கால்சட்டைப் பையில் வைப்பதா? சின்னக் கேள்விதான், மன்னிக்கவும்.

இது சின்னக் கேள்வி இல்லை. எனக்கு வந்தவற்றில் இதைத்தான் முக்கியமானதாக நினைக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், மரத்தில் கட்டிய பதினாறு அடி உயர வேட்டைப் பரணிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஏணியின் படியில் ஈரம் உறைந்திருந்தது. கால் வழுக்கியது. உடம்பை மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸைக் கட்டியிருந்ததால் தரையில் விழவில்லை. ஆனால் மரத்துக்கு முதுகைக் காட்டியபடி அந்தரத்தில் தொங்கினேன். கைப்பேசி எங்கே இருந்தது? பரணின் கொக்கியில் மாட்டியிருந்த பையில். என் தலைக்கு மேலே நான்கு அடி. அதன் மணிச்சத்தம்கூட எனக்குக் கேட்டது. என் மனைவிதான் அழைத்திருக்கிறாள்.

தொங்கிக்கொண்டிருக்கும்போது தொடைப்பட்டைகள் இறுகி, காலிலிருந்து இரத்தம் மேலே திரும்புவது குறைகிறது. சில நிமிடங்களிலேயே கால் மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது. அதிக நேரம் அசையாமல் தொங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹார்னஸுடன் வரும் மிதிபட்டையில் காலை ஊன்றி எழுந்து எழுந்து நிற்க வேண்டும். நானும் உதைத்து உதைத்துத்தான் கடைசியில் ஒரு படியைக் காலால் பிடித்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அன்றிலிருந்து என் கைப்பேசி முதுகுப் பையில் ஏறியதே இல்லை.

ஆகவே, நெஞ்சுப் பையில் வையுங்கள். அதற்கு ஜிப் இருக்க வேண்டும். பின்பக்கப் பையில் வைத்தால், தொங்கும்போது ஹார்னஸின் பட்டைக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். கால்சட்டையின் முன்பையில் வைத்தால், முறிந்த காலோடு கிடக்கும்போது எடுக்க முடியாது. துப்பாக்கியை எந்தத் தோளில் ஊன்றிச் சுடுகிறீர்களோ, அதற்கு எதிர்ப்பக்க நெஞ்சுப் பையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் துப்பாக்கியின் கட்டை அதன் மேல் இடிக்கும். காந்த முள் திசைகாட்டி வைத்திருப்பவர்கள் அதை மறுபக்கம் வையுங்கள். கைப்பேசிக்குள் இருக்கும் காந்தம் முள்ளைத் திருப்பிவிடும்.

இதைச் சொல்லிவிட்டு ஹார்னஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மான் வேட்டையில் கடுமையான காயங்களுக்குப் பெரிய காரணம் தோட்டா அல்ல, பரணிலிருந்து விழுவதுதான். அதிலும் பலர் மேலே உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறார்கள். தரையை விட்டுக் கால் எழும்பும் நொடியிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை மரத்தில் கட்டிய பாதுகாப்புக் கயிற்றோடு பிணைந்திருங்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். தோட்டாவைக் கழற்றிவிட்டுக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கிராண்ட் ராப்பிட்ஸ்): காலையில் 80 சதவீதம் இருந்த பேட்டரி, பத்து மணிக்குள் அணைந்துவிட்டது. புதுக் கைப்பேசி. பழுதா?

பழுது இல்லை, குளிர். லித்தியம் பேட்டரி உறைநிலைக்குக் கீழே சரியாக மின்சாரம் தராது. ஐபோனே 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கென்று செய்யப்பட்டதுதான். உடம்பின் சூடு படும் உள்சட்டையின் நெஞ்சுப் பையில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். குளிரில் அணைந்துபோன கைப்பேசியை அக்குளில் சற்று நேரம் வைத்தால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். அடுப்போரம் வைத்துச் சூடாக்காதீர்கள்.

குளிரைப் போலவே பேட்டரியைக் குடிப்பது, இல்லாத சிக்னலைக் கைப்பேசி ஓயாமல் தேடுவது. ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். சிறிய பவர் பேங்க் ஒன்று வேண்டும், அதுவும் உள்பையில்.

கேள்வி (டொரொன்டோ): செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி ஐபோனிலேயே இருக்கும்போது, தனியாக ஒரு கருவிக்குப் பணம் செலவழிப்பது வீண்தானே?

ஐபோன் 14 முதல் அந்த வசதி இருக்கிறது. 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது. கூகுள் பிக்சல் 9இலும் அமெரிக்காவில் வந்துவிட்டது. நல்ல விஷயம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். திறந்த வானம் வேண்டும். கைப்பேசி காட்டும் திசையில் அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அடர்ந்த தேவதாரு மரங்களுக்கு அடியில் ஒரு செய்தி போகப் பல நிமிடங்கள் ஆகலாம். கை நடுங்கிக்கொண்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. அமைப்புகள் பகுதியில் ஒத்திகை பார்க்கும் வசதி இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் நின்று ஒரு முறையாவது செய்து பாருங்கள்.

தனிக் கருவிகள் இரண்டு வகை. கார்மின் இன்ரீச் போன்றவை இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தியை அனுப்பவும் பெறவும் செய்யும். அதற்குச் சந்தா கட்ட வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அபாய பீக்கன் இன்னொரு வகை. அதற்குச் சந்தா இல்லை. அமெரிக்காவில் நோவா என்ற அரசு வானிலை, கடல் ஆய்வு அமைப்பிடம் இலவசமாகப் பதிவு செய்தாக வேண்டும், கனடாவில் அந்நாட்டுப் பதிவேட்டில். அது பேசாது, எழுதாது. பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடத்தை மீட்புப் படைக்குச் சொல்லும், அவ்வளவுதான். அதன் பேட்டரி உறையைத் திறக்காமலே பல ஆண்டுகள் காத்திருக்கும்.

மூன்று நான்கு பேராகப் பண்ணை நிலத்தில் வேட்டையாடுகிறீர்களா? கைப்பேசி போதும். தனியாக, சாலையிலிருந்து ஒரு மணி நேர நடைக்கு அப்பால் போகிறீர்களா? கருவி வாங்குங்கள். துப்பாக்கிக்கும் தொலைநோக்கிக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர்கள் இங்கே மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (லான்சிங்): பழைய கைப்பேசி ஒன்று சிம் இல்லாமல் கிடக்கிறது. வண்டியில் போட்டு வைக்கலாமா?

3ஜி காலத்துக் கைப்பேசியாக இல்லாவிட்டால் வைக்கலாம். சிம் இல்லாவிட்டாலும் 911 போகும். ஆனால் இணைப்பு அறுந்தால் அவர்களால் உங்களைத் திரும்ப அழைக்க முடியாது. நீங்கள்தான் மறுபடி அழைக்க வேண்டும்.

கேள்வி (டெக்சாஸ்): பக்கத்துப் பரணில் இருக்கும் நண்பர், "பெரிய கொம்பு மான் உன் பக்கம் வருகிறது" என்று செய்தி அனுப்புகிறார். இதில் தவறு உண்டா?

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். அலாஸ்காவில் கைப்பேசியோ செயற்கைக்கோள் தொலைபேசியோ பாதுகாப்புக்கு வைத்திருக்கலாம், விலங்கை வேட்டையாட அதன் உதவியைப் பெறக் கூடாது. உங்கள் மாநில விதிப்புத்தகத்தைப் பாருங்கள். சட்டம் அனுமதித்தாலும் நான் செய்ய மாட்டேன். மானுக்கு மூக்கும் காதும் இருக்கின்றன, நமக்கு எட்டித் தாக்கும் துப்பாக்கி இருக்கிறது. அதற்கு மேலும் ஒரு சாதகம் எடுத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

பாதுகாப்பு நோக்கிலும் சொல்கிறேன். தோட்டா போட்ட துப்பாக்கி மடியில் இருக்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் துப்பாக்கி என்று ஒருவரைப் பார்த்தால் என் வகுப்பில் அன்றோடு அவருக்குப் பயிற்சி முடிந்தது.

கேள்வி (நோவை, ஒரு மனைவி): என் கணவருக்கு 52 வயது, சர்க்கரை உண்டு, வாரம் முழுதும் நாற்காலியில்தான் வேலை. நான் எதற்குப் பயப்பட வேண்டும்? துப்பாக்கிக்கா, கரடிக்கா?

இதயத்துக்கு, அம்மா. மிச்சிகனில் நடுவயது ஆண்கள் 25 பேரை மான் வேட்டையின்போது இதயத்துடிப்புக் கருவியோடு கண்காணித்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. ஓட்டப்பட்டையில் ஓடவைத்துப் பார்த்தபோது எட்டிய உச்சத்தையும் தாண்டிப் பலருக்கு வேட்டையில் துடிப்பு ஏறியிருந்தது. குளிர், கனத்த உடை, மானைக் கண்ட படபடப்பு, பிறகு ஐம்பது அறுபது கிலோ உடலைப் பனியில் இழுப்பது, எல்லாம் ஒன்று சேர்கின்றன. தெற்காசியர்களான நமக்கு இதய நோய் இளவயதிலேயே வருகிறது என்பதும் தெரிந்ததுதான்.

போவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மானைத் தனியாக இழுக்க வேண்டாம், நண்பரைக் கூப்பிடத்தான் கைப்பேசி. நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, காரணமில்லாத வியர்வை வந்தால், "வாயுப் பிடிப்பு" என்று சமாதானம் செய்துகொள்ளாமல் உடனே 911. தானே வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகக் கூடாது. தன் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்துச் சொல்ல அவருக்கு இப்போதே கற்றுக்கொடுங்கள். ஐபோனின் திசைகாட்டிச் செயலியில், அடியில் அந்த எண்கள் இருக்கும். கோபுரத்தை வைத்து 911 அலுவலர்கள் கணிக்கும் இடம் காட்டுக்குள் வெகுதூரம் பிசகக்கூடும்.

கேள்வி (கலமஸூ): வானத்தை நோக்கி மூன்று முறை சுட்டால் உதவி வரும் என்று தாத்தா காலத்து வேட்டைக்காரர் ஒருவர் சொன்னார்.

மூன்று என்பது இன்றும் ஆபத்துக் குறிதான். ஆனால் நவம்பர் 15 காலையில் எல்லாத் திசையிலும் வெடிச்சத்தம் கேட்கும்போது யார் எண்ணுவார்கள்? மேலே போன தோட்டா எங்காவது கீழே வந்துதான் தீரும். விசில் வாங்குங்கள், மூன்று முறை ஊதுங்கள். அதற்கு பேட்டரி வேண்டாம், தொண்டையும் வற்றாது.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு தாய்): என் மகன் அங்கே வேட்டைக்குப் போகிறான் ஐயா. அன்றைக்கு முழுதும் போனை எடுப்பதே இல்லை. எனக்குத் தூக்கம் வருவதில்லை. எத்தனை முறை அழைத்தால் எடுப்பான்?

அம்மா, அவர் எடுக்காதது நல்லதற்குத்தான் இருக்கும். கைப்பேசியை ஏர்பிளேன் மோடில் போட்டு பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். மீண்டும் மீண்டும் அழைக்காதீர்கள். அதற்குப் பதிலாக மகனிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வண்டியை நிறுத்தும் இடம், உடன் போகிறவரின் எண், எத்தனை மணிக்கு உங்களுக்குச் செய்தி அனுப்புவார் என்பது. இங்கே நவம்பர் நடுவில் சூரியன் ஐந்தரைக்கு முன்பே மறைந்துவிடும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் வரைதான் சுட அனுமதி. எனவே மாலை ஏழரைக்குள் அவர் வண்டிக்கு வந்துவிடலாம். அது உங்களுக்கு மறுநாள் காலை ஆறு மணி, வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம்.

ஆறு மணிக்குச் செய்தி வரவில்லை என்றால் ஏழு வரை பொறுங்கள். மான் விழுந்திருந்தால் நேரமாகும். ஏழுக்கும் வரவில்லை என்றால் முதலில் நண்பரை அழையுங்கள். அவரும் எடுக்கவில்லை என்றால் காவல் துறையைத்தான் அழைக்க வேண்டும். ஆனால் மதுரையிலிருந்து 911 அழுத்தினால் அது மிச்சிகனுக்கு வராது. மகன் வேட்டையாடும் கவுண்டியின் காவல் அலுவலகமான ஷெரிஃப் அலுவலகத்துக்குப் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். முன்னால் 001 சேர்த்து அழைக்க வேண்டும். இந்த வாரமே அதை மகனிடம் கேட்டு, சுவர் நாட்காட்டிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். ஆங்கிலத்தில் பேசக்கூடிய பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.