200 வருடத்துப் புத்தர் தலையை நம்பி வாங்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு பாங்காக்கும் சியாங் மாயும் போகிறோம். சதுசக் சந்தையில் 200 வருடப் பழசு என்று சொல்லி ஒரு வெண்கலப் புத்தர் தலையை 6,000 பாட் (தாய்லாந்துப் பணம்) விலைக்குப் பேசினார்களாம், தோழி சொன்னாள். வாங்கலாமா? அசலா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: வேண்டாம். அது நிஜமாகவே 200 வருடத்தது என்றால் சும்மா பெட்டியில் போட்டு எடுத்துவர முடியாது. நேற்று வார்த்தது என்றால் அதற்கு 6,000 பாட் எதற்கு?

தாய்லாந்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பழம்பொருள்களை வெளியே கொண்டுபோக அங்குள்ள நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். புத்தர் சிலை புதிதாக இருந்தாலும் அனுமதி கேட்பார்கள்; தலை மட்டும், கை மட்டும் என்றாலும் அப்படித்தான். கழுத்தில் அணிகிற சின்னத் தாயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஃபோட்டோ, பாஸ்போர்ட் நகல் கொடுத்துச் சில நாள் காத்திருக்க வேண்டும். பெரிய கடைகள் தாங்களே வாங்கித் தருவார்கள், சந்தைக் கடைக்காரர் தரமாட்டார். தலையை மட்டும் அலங்காரப் பொருளாக வைப்பது தாய் மக்களுக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய தலைநகரான அயுத்தயாவில் தலையில்லாத புத்தர் வரிசையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

பழசா என்று பார்க்க நான் செய்வது இதுதான். ஈரக் கைக்குட்டையால் மடிப்புகளுக்குள் அழுத்தித் தேய்ப்பேன். ரசாயனம் பூசி வரவழைத்த பச்சைக் களிம்பு பெரும்பாலும் சுண்ணாம்புப் பொடி மாதிரி துணியில் வந்துவிடும். மூக்கு நுனி, முழங்கால் என்று கை படுகிற இடம்தான் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். நம் சுவாமிமலைச் சிலைபோல் கனமாக இல்லையே என்று மட்டும் ஒதுக்காதீர்கள், அங்கே பெரும்பாலும் உள்ளே பொள்ளலாகத்தான் வார்ப்பார்கள்.

வயசுக்குக் கொடுக்கிற காசை வேலைப்பாட்டுக்குக் கொடுங்களேன். பாங்காக்கில் பொன்மலைக் கோயில் பக்கத்தில் பான் பாட் என்று ஒரு தெரு இருக்கிறது. பிட்சுக்களின் திருவோட்டை எட்டு இரும்புத் துண்டுகளை இணைத்து, செம்பு உருக்கிப் பற்றவைத்து, சுத்தியலால் தட்டியே செய்கிறார்கள். திருவோட்டைக் கவிழ்த்துப் பாருங்கள், ஒட்டு ஓடுகிற கோடுகள் தெரியும். மெஷினில் அழுத்திய ஓட்டில் அது இருக்காது. விரலால் சுண்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சியாங் மாயில் வெள்ளி வேலைக்கு வுவாலாய் தெரு. சனிக்கிழமை மாலை அங்கேயே சந்தை. மரச் செதுக்கலுக்கு ஊருக்கு வெளியே பான் தவாய். பட்டு என்றால் தாய்லாந்து அரசின் தர அடையாளமான மயில் முத்திரை பாருங்கள், தங்க மயில்தான் உசத்தி. தந்தச் சாமான் பக்கமே போகாதீர்கள்: அங்கே சட்டப்படி விற்றாலும் வெளியே கொண்டுபோகக் கூடாது, இந்தியாவிலும் குற்றம்.

பில்லில் 'பழம்பொருள்' என்று எழுதவிடாதீர்கள், புதிய கைவினைப் பொருள் என்றே எழுதச் சொல்லுங்கள். பேரத்துக்கு "லொத் நொய் டாய் மாய், கா?" போதும்; கொஞ்சம் குறைப்பீர்களா என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே கேளுங்கள், குரலை உயர்த்தினால் காரியம் கெடும்.

சதுசக்கின் முழுச் சந்தை சனி, ஞாயிறுதான். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். பிடித்த கடையின் பிரிவு எண்ணையும் கடை எண்ணையும் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 27 பிரிவு, ஆயிரக்கணக்கான கடை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்று நகர்ந்தால் அந்தக் கடை மறுபடி கண்ணில் படாது.