வாத்தியம் கற்கும் பிள்ளையும் தாளம் போடும் அம்மாவும்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஸ்ரீரங்கத்தில் நெடுங்காலமாகக் குழந்தைகளுக்கு வயலின் கற்றுத் தரும் ஆசிரியை.

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. ஆறு மாதமாக வயலின் கற்கிறாள். இன்னும் முதல் பாடமான சரளி வரிசையைத் தாண்டவில்லை. வீட்டில் வாசிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் அழுகை வந்துவிடுகிறது. சத்தமும் கிறீச்சென்று வருவதால் பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். எனக்கோ சங்கீதத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. நான் எப்படி உதவ முடியும்?
– வாசகி, திண்டுக்கல்

ஆறு மாதத்தில் சரளி வரிசை என்பது வயலினுக்குச் சரியான வேகம்தான். அந்தக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள். வீணையில் மெட்டு (விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் உலோகக் கட்டு) இருக்கிறது, கீபோர்டில் கட்டை இருக்கிறது. விரல் எங்கே போக வேண்டும் என்று கண்ணே சொல்லிவிடும். வயலினில் வெறும் பலகைதான். அதிலும் சரளி வரிசை வாசிக்கும் ராகமான மாயாமாளவகௌளையில் ரிஷபம் (ரி) ஸட்ஜத்தை (ஸ) ஒட்டி நிற்கும். காந்தாரம் (க) மத்தியமத்தை (ம) ஒட்டி நிற்கும். அந்த நெருக்கத்தைக் காதால் பிடித்து, விரலால் தொட உங்கள் மகள் இப்போது பழகிக்கொண்டிருக்கிறாள். பெரியவர்களுக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை இது.

அழுகைக்கும் கிறீச்சொலிக்கும் காரணத்தை முதலில் வாத்தியத்தில் தேடுங்கள். "பின்னாளில் உதவுமே" என்று முழு சைஸ் வயலினை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? 8 வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அரை சைஸ்தான் பொருந்தும். பெரிய வயலினில் சுண்டுவிரல் எட்டாது, தோள் வலிக்கும், பிள்ளை அழும். கையை நீட்டச் சொல்லி அளந்து பார்க்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். அடுத்தது வில். அதிலிருப்பது குதிரை வால் முடி. வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்திவிட வேண்டும். முறுக்கிய நிலையிலேயே பெட்டிக்குள் கிடந்தால் வில் வளைந்துபோகும். முடியை விரலால் தொடக் கூடாது, கையின் எண்ணெய்ப் பசை ஒட்டினால் அந்த இடம் கம்பியைப் பிடிக்காது. ரோசின் என்னும் பிசின் பூசாத வில் வழுக்கும், அளவுக்கு மீறிப் பூசினால் கரகரக்கும். கம்பிக்கடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பழைய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். சுருதி சேர்ப்பதை மட்டும் ஆசிரியரிடமே கேட்டுப் பழகுங்கள். கம்பியை முறுக்கும் பிருடையைத் தெரியாமல் திருகினால் முதல் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும்.

இத்தனைக்கும் சங்கீதம் தெரிந்திருக்கத் தேவையில்லை. கண்ணால் பார்த்துச் செய்யக்கூடிய இன்னொரு வேலையும் உண்டு. மகளுக்கு எதிரே உட்கார்ந்து வில்லைப் பாருங்கள். குதிரைக்கும் (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) விரற்பலகைக்கும் நடுவில், குதிரைக்கு இணையாக அது போய்வர வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு வில் நுனிவரை இழுக்கும்போது முழங்கை பின்னால் போய்விடும், வில் சாய்ந்து விரற்பலகை மேல் ஏறும். கிறீச்சொலி அங்கேதான் பிறக்கிறது. வாசிப்பவளுக்கு இது தெரியாது, எதிரே இருப்பவருக்குப் பளிச்சென்று தெரியும். வயலினின் தலை வலது கணுக்காலில் நிற்கிறதா, முதுகு கூன் போடாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் உங்களிடம் வேண்டுவது, ஆதி தாளம் கற்றுக்கொள்ளுங்கள். தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று எண்ணிக்கை. பிறகு ஒரு தட்டு, ஒரு வீச்சு, மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டு எண்ணிக்கை முடிந்தது, இதுதான் ஒரு ஆவர்த்தனம். முதல் காலத்தில் (அதாவது முதல் வேகத்தில்) எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், ஆகவே ஏறுவதற்கு ஒரு ஆவர்த்தனம், இறங்குவதற்கு ஒரு ஆவர்த்தனம். இரண்டாம் காலத்தில் எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம், நடுவிரலோடு ஏற்றம் முடியும், அடுத்த தட்டில் இறக்கம் தொடங்கும். மூன்றாம் காலத்தில் எண்ணிக்கைக்கு நான்கு. இரண்டாம் காலத்தில் மேல் ஸட்ஜம் உங்கள் நடுவிரலுக்கு முன்பே வந்துவிட்டால் மகள் ஓடுகிறாள் என்று பொருள். நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம், தட்டிக்கொண்டே இருங்கள். இரண்டு நாளில் அவளே உங்கள் கையைப் பார்த்து நின்று வருவாள். தனியாக அழுத பிள்ளை, அம்மா தாளம் போட்டால் இன்னும் ஒரு முறை வாசிக்கிறேன் என்று சொல்வதை என் வகுப்புக் குழந்தைகளிடம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"தப்பு" என்ற சொல்லை ஆசிரியருக்கு விட்டுவிடுங்கள். வீட்டில் அதைக் கேட்கக் கேட்கப் பிள்ளைக்கு வயலின் பெட்டியைத் திறக்கவே மனம் வராது. சந்தேகம் வந்தால் நோட்டில் குறித்து வகுப்பில் கேளுங்கள். நேரம் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். பள்ளியிலிருந்து வந்த பசியோடு உட்கார வைக்காதீர்கள். ஏதாவது தின்னக் கொடுத்து, கொஞ்சம் ஓடி விளையாட விட்டு, விளக்கேற்றும் நேரத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய், "மாலை ஆறரை முதல் ஏழு மணிவரை குழந்தை வாசிப்பாள்" என்று சொல்லிவிடுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் பெரும்பாலானோர் பொறுத்துக்கொள்கிறார்கள். குதிரை மேல் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் ரப்பர் ம்யூட் கடைகளில் கிடைக்கும். தேர்வுக் காலத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக மாட்டலாம், தினமும் வேண்டாம். தன் வயலினின் உண்மையான குரலைக் குழந்தை கேட்டே வளர வேண்டும்.

கேள்வி: 11 வயது மகன் ஒன்றரை ஆண்டாக மிருதங்கம் பயில்கிறான். உறவினர் வந்து வாசிக்கச் சொன்னால் அறைக்குள் ஓடிவிடுகிறான். கூச்சம் தெளியப் போட்டிகளில் சேர்க்கலாம் என்றால் ஆசிரியர் "இப்போது வேண்டாம்" என்கிறார். இவனோடு தொடங்கிய வேறு ஒரு பையன் மேடை ஏறிவிட்டான். ஆசிரியரை மாற்றலாமா?
– வாசகர், திருப்பூர்

மாற்றாதீர்கள். "வேண்டாம்" என்று சொல்லும் துணிவுள்ள ஆசிரியர் கிடைத்திருக்கிறார். சேர்த்துக்கொண்டு கட்டணம் வாங்குவதுதான் அவருக்கு எளிது.

உறவினர் முன் வாசிக்கச் சொல்வதில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மிருதங்கத்தின் இடப் பக்கமான தொப்பியில் ரவையைத் தண்ணீர்விட்டுப் பிசைந்து ஒட்டினால்தான் கும்கி என்னும் கனத்த நாதம் வரும். வலப் பக்கமான வலந்தலையில் சுருதி இறங்கியிருந்தால் கல்லும் கட்டையும் எடுத்துத் தட்டிச் சேர்க்க வேண்டும். அதற்குள் மாமா தொலைக்காட்சியைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். அவசரமாக வாசித்தால் மொத்தையாக ஒலிக்கும் என்பது பையனுக்குத் தெரியும். தன் வாத்தியத்தின் மேல் மரியாதை இருப்பதால்தான் அவன் ஓடுகிறான். மேலும் அது பாட்டோடு சேர்ந்து நடக்கும் வாத்தியம். பாட்டு இல்லாமல் ஒன்றரை ஆண்டு மாணவன் எதை வாசிப்பான்? தெரிந்த பிள்ளை யாராவது பாட்டு கற்றுக்கொண்டால் வாரம் ஒருநாள் இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஒரு கீதத்துக்கு (தொடக்கத்தில் கற்கும் எளிய பாட்டு) அவன் வாசிக்கட்டும். கூச்சம் அங்கே தெளியும்.

அவனைக் கச்சேரிக்கு அழைத்துப் போங்கள். நவராத்திரியில் கோயில்களில் நடப்பவற்றுக்கு டிக்கெட் கிடையாது. தை மாத வாக்கில் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனையை ஒருமுறையாவது காட்டுங்கள். மிருதங்கக்காரரின் கை தெரியும் பக்கமாக, முன்வரிசைக்கு அருகில் உட்காருங்கள். மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகும் கூட்டத்தோடு நீங்களும் எழுந்துவிடாதீர்கள், உங்கள் மகன் வந்ததே அதற்காகத்தான்.

ஆசிரியரை மாற்ற வேண்டிய காரணங்கள் வேறு. பிள்ளையை அடிப்பவர், மற்றவர் எதிரில் அவமானப்படுத்துபவர், வகுப்பு நேரத்தில் கைப்பேசியே கதியென்று இருப்பவர் ஆகியோரிடமிருந்து அன்றைக்கே கூட்டிவந்துவிடுங்கள். அடி வாங்கினால்தான் வித்தை வரும் என்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

கேள்வி: மகன் இடது கைக்காரன். மிருதங்கத்தை வலது கைக்கு மாற்றிப் பழக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, நாகர்கோவில்

மிருதங்க மேதை பழனி சுப்பிரமணியப் பிள்ளை இடது கைக்காரர்தான். அவர் வாசித்த முறை இன்றும் ஒரு பாணியாகப் போற்றப்படுகிறது. இடது கைக்காரருக்காக மேடையில் வயலினும் மிருதங்கமும் இடம் மாறி உட்கார வேண்டும். அதை ஒரு பொருட்டாகக் கருதாமல் அவரைத் தம் கச்சேரிகளில் விரும்பி அமர்த்திக்கொண்டவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர். உங்கள் மகனை அவன் கைப்படியே விடுங்கள். வயலின், வீணை கற்கும் இடது கைக் குழந்தைகளை மட்டும் வழக்கமான முறையிலேயே பழக்குகிறோம், அவற்றில் ஸ்வர வேலை முழுதும் இடது கையிடம்தான் இருக்கிறது.

கேள்வி: ஐந்து ஆண்டாக வீணை கற்கும் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு முடியும்வரை நிறுத்திவைக்கச் சொல்கிறார் அவள் அப்பா. அவளும் வகுப்பில் கற்ற வர்ணம் என்னும் பாடத்தைத் தொடுவதில்லை, எப்போதும் சினிமாப் பாட்டுதான். நிறுத்திவிடலாமா?
– வாசகி, வேலூர்

நிறுத்தாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவள் அப்பாவிடமும் சொல்லுங்கள்.

அவள் இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிடித்துப் பாருங்கள். நுனியில் கம்பி பதிந்த கோடு காய்ந்து தடித்திருக்கும். கம்பியை இழுத்துக் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) பேசவைப்பது அந்தத் தோல்தான். சில மாதம் வாசிக்காவிட்டால் தோல் மென்மையாகிவிடும். தேர்வு முடிந்து உட்காரும்போது முதல் நாள் வலி மறுபடியும் வரும். "நாளைக்கு" என்பாள். பிறகு பதினோராம் வகுப்பு, பன்னிரண்டு, கல்லூரி. இப்படிப் பரண் ஏறிய வீணைகளைப் பல வீடுகளில் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். வீணைக்கும் அது நல்லதல்ல. அதன் 24 மெட்டுகளும் மெழுகுப் படுக்கையில்தான் நிற்கின்றன. வேலூர் வெயிலில், காற்றோட்டமில்லாத பரணில் மெழுகு இளகி மெட்டு அசையும். அப்புறம் தெரிந்த கைவினைஞரைத் தேடிப் பிடித்து மேளம் வைக்க, அதாவது மெட்டுகளை மெழுகில் மறுபடி சரியாகப் பொருத்த வேண்டும். கம்பியும் துருப்பிடித்துவிடும்.

புதுப் பாடம் வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வகுப்பைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாகக் குறைக்கலாம். தினம் இருபது நிமிடம், தெரிந்ததை மட்டும் வாசிக்கட்டும். வீணை கூடத்தில், பாய் மேல், ஒரு துணி போர்த்தியபடி இருக்கட்டும். உறையிலிருந்து எடுக்க வேண்டிய அலுப்பே பல நாள் வாசிப்பைத் தின்றுவிடுகிறது. வீணையை நிறுத்துவதால் மிச்சமாகும் இருபது நிமிடம் கணக்குப் பாடத்துக்குப் போகாது, கைப்பேசிக்குத்தான் போகும்.

சினிமாப் பாட்டை யாரும் தடுக்க வேண்டாம். ஒரு பாட்டைக் கேட்டு, அதன் ஸ்வரங்களைத் தானே தேடிக் கண்டுபிடிக்கிறாள் என்றால் அவள் காது நன்றாக வளர்ந்திருக்கிறது. அதை நோட்டில் ஸ்வரப்படுத்தி எழுதச் சொல்லுங்கள், ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் முதலில் ஒரு வர்ணம், இரண்டு காலத்தில்; அதன்பின் அவள் இஷ்டம். இந்த ஒரே ஒரு ஏற்பாடு போதும்.

கேள்வி: கைப்பேசியில் வரும் தம்புரா செயலி போதுமா, சுருதிப் பெட்டி வாங்க வேண்டுமா?
– வாசகர், கரூர்

செயலி போதும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மந்தர ஸட்ஜம் (தாழ்ந்த ஸ) சரியாகக் கேட்காது என்பதால் ஒரு ஸ்பீக்கரோடு இணைத்துவிடுங்கள். ஆசிரியர் சொன்ன கட்டையை (சுருதி அளவை) மாற்றாதீர்கள். வாசிக்கும் நேரத்தில் வேறு அழைப்பு எதுவும் வராதபடி விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் லாரி ஓட்டுகிறேன். 9 வயது மகன் கோயில் திருவிழாவில் தவில் கேட்டது முதல் கிடைத்த டப்பாவையெல்லாம் தட்டிக்கொண்டிருக்கிறான். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இசை தெரியாது. செலவழிக்கவும் வசதியில்லை. அவனை என்ன செய்வது?
– வாசகர், அறந்தாங்கி

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இப்போதைக்குத் தவில் வாங்க வேண்டியதில்லை. அதைத் தோளில் மாட்டிச் சுமக்கும் உடம்பு அவனுக்கு இன்னும் வரவில்லை. வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழி பிடித்து வாசிக்கும் வாத்தியம் அது. அவற்றுக்கு முன்பாக தாள ஒலிகளான சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகும் பாடம் இருக்கிறது. அதற்குக் காசு செலவில்லை.

திருவிழா பரபரப்பு ஓய்ந்த ஒரு நாளில், உங்கள் ஊரில் தவில் வாசிக்கும் வித்வான் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு, பழத்தோடு போங்கள். மகனே வாய் திறந்து கேட்கட்டும். குடும்பத்தில் யாரும் வாசித்ததில்லை என்பதை மறைக்க வேண்டாம். ஆசையோடு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வித்வான்களுக்கு மனம் வராது. விஜயதசமியன்று தொடங்கினால் நல்லது. வெளியூர் ஓட்டத்தில் லாரியில் ஹரித்வாரமங்கலம் பழனிவேல், வலையப்பட்டி சுப்ரமணியம் ஆகியோரின் தவிலை நீங்களும் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மகனோடு பேச விஷயம் இருக்கும்.

புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. தவில், நாதசுரம், தேவாரம், குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு; கட்டணம் மிகக் குறைவு. 12 வயது முதல் 25 வயதுவரை சேரலாம். தவிலுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். ஆனால் அது முழுநேர வகுப்பு. ஆகவே பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திச் சேர்க்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகும் வயது வரம்புக்குள் நிறைய இடமிருக்கிறது. அதுவரை வித்வானிடம் கற்கட்டும். அடுத்த முறை புதுக்கோட்டை வழியாக வண்டி ஓட்டும்போது பகல் நேரத்தில் இறங்கிப் போய் விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள், சேர்க்கைக்கு என்னென்ன சான்றிதழ் கேட்பார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மகனையும் கூட்டிப் போங்கள். தவில் வகுப்பு நடக்கும் அறை வாசலில் அவனைக் கொஞ்ச நேரம் நிற்க அனுமதி கேளுங்கள்.